வாசகர் கேட்டவை: வெப்பத்தைப் படம்பிடிக்கும் குவாண்டம் கிணறுகள்

சென்ற இதழில், குவாண்டம் கிணறுகளைக் கொண்ட குறைகடத்தி உணரிகள் எவ்வாறு அகச்சிவப்பு எனப்படும் செங்கீழ்க் கதிரைப் படமாக்குகின்றன என்பது பற்றி அரைப்பக்கக் குறிப்பொன்று வெளிவந்திருந்தது. அதற்கு வந்த கடிதங்களுட் பெரும்பாலானவை மலையகத்திலிருந்தே வந்திருந்தமையால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உயர்தர மாணவி, ஹட்டன்: கலியம் ஆசனைட்டு என்னும் குறைகடத்தியால் ஆன உணரி 9 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள கதிரை உணர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அட்டவணையில் கலியம் ஆசனைட்டின் சக்தி இடைவெளி 1.42 இலத்திரன்வோல்ற்று என்று இருக்கிறது. ஆனால் 9 மைக்ரோமீற்றர் போட்டனின் (ஒளித்துகளின்) சக்தி 0.14 இலத்திரன்வோல்ற்றுத்தான் வருகிறது. இது எப்படிச் சாத்தியம்?

உங்கள் கணக்கில் பிழையில்லை. ஏறத்தாழ 0.87 மைக்ரோமீற்றரைவிட நீண்ட அலைநீளமுள்ள எந்தக் கதிராலும் தூய கலியம் ஆசனைட்டின் வலுவளவுப் பட்டையில் அணுக்களோடு பிணைந்துள்ள இலத்திரனை, அது தடையின்றி ஓடத்தக்க கடத்தற் பட்டைக்கு ஏற்றிவிட முடியாது. குவாண்டம் கிணற்று உணரி அந்தப் பெரிய இடைவெளியைத் தாண்ட முயல்வதே இல்லை என்பதுதான் இதற்கு விடை. அது கடத்தற் பட்டைக்குள்ளேயே செயற்கையாக ஒரு சிறிய இடைவெளியை உண்டாக்கிக்கொண்டு, அதைத் தாண்டும் இலத்திரன்களை மட்டும் எண்ணுகிறது.

அந்த இடைவெளி உண்டாகும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கலியம் ஆசனைட்டில் கலியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அலுமினியத்தைச் சேர்த்தால் கிடைக்கும் கலவையில் கடத்தற் பட்டையின் அடித்தளம் சற்று உயர்ந்து நிற்கும். அவ்வாறான இரண்டு கலவைப் படலங்களுக்கு நடுவே 4 அல்லது 5 நனோமீற்றர் தடிப்புள்ள தூய கலியம் ஆசனைட்டுப் படலத்தை வைத்தால், நடுப்படலத்திலுள்ள இலத்திரனுக்கு இருபுறமும் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடுகிறது; இதுவே குவாண்டம் கிணறு. இவ்வளவு குறுகிய இடத்தில் அகப்பட்ட இலத்திரன் தான் விரும்பிய சக்தியைக் கொண்டிருக்க முடியாது. அதன் அலை அந்த அகலத்துக்குள் பொருந்த வேண்டியிருப்பதால், சில குறித்த சக்தி மட்டங்களே அதற்கு வாய்க்கின்றன. வீணைத் தந்தியின் அதிரும் நீளத்தை விரலால் அழுத்திக் குறைக்கும்போது சுருதி ஏறுவதைப் போல, கிணற்றின் அகலத்தைக் குறைக்கும்போது இந்த மட்டங்களும் மேலேறுகின்றன. ஆகவே கிணற்றின் அகலத்தையும் சுவரிலுள்ள அலுமினியத்தின் பங்கையும் தக்கவாறு தெரிவுசெய்தால், கீழ் மட்டத்துக்கும் மேல் மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை நீங்கள் கணித்த 0.14 இலத்திரன்வோல்ற்றுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கிணற்றில் சிறிதளவு சிலிக்கனை மாசாக ஊட்டுவதால் கீழ் மட்டத்தில் இலத்திரன்கள் எப்போதும் காத்திருக்கும். 9 மைக்ரோமீற்றர் போட்டன் ஒன்று உறிஞ்சப்பட்டதும் ஓர் இலத்திரன் மேல் மட்டத்துக்கு எழுகிறது. வெளியிலிருந்து கொடுத்த மின்புலம் அதைச் சுவருக்கு மேலாக இழுத்துச் செல்ல, அது மின்னோட்டமாகப் பதிவாகிறது. மேல் மட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் இருக்கிறது. அது கிணற்றுக்குள் ஆழமாக இருந்தால் எழுந்த இலத்திரன் வெளியேற முடியாமல் மீண்டும் கீழே விழுந்துவிடும். சுவரைவிட மிக உயரத்தில் இருந்தால் உறிஞ்சல் பரந்து வலுவிழப்பதோடு, போட்டன் எதுவும் வராமலே இலத்திரன்கள் வெளியேறுவதும் எளிதாகிவிடும். சுவரின் உச்சியோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் மேல் மட்டத்தை அமைப்பதே நல்ல பலனைத் தருகிறது.

ஒரு கிணறு உறிஞ்சும் கதிர் மிகச் சொற்பமானது என்பதால், ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்புள்ள சுவர்களோடு 50 கிணறுகள் வரை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்க்கப்படுகின்றன. அவ்வளவையும் சேர்த்தாலும் மொத்தத் தடிப்பு 3 மைக்ரோமீற்றரை எட்டுவதில்லை. மூலக்கூற்றுக் கற்றை முறையில், உயர் வெற்றிடத்தில், மணிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றர் வீதம், செக்கனுக்கு ஓர் அணுத்தளம் என்ற அளவில் இவை வளர்கின்றன. கலியம் ஆசனைட்டினதும் அலுமினியக் கலவையினதும் பளிங்குகளில் அணுக்களுக்கிடையிலான தூரங்கள் ஏறக்குறைய ஒன்றேயாக இருப்பது இயற்கை தந்த வசதி. அது இல்லாவிட்டால் இத்தனை படலங்கள் குறையின்றி அடுக்கப்பட்டிருக்கமாட்டா.

பரீட்சைக்கு வராவிட்டாலும் நீங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய வேடிக்கை ஒன்றும் இதில் உண்டு. கிணறு இலத்திரனை ஒரு திசையில் மட்டுமே, அதாவது படலங்களுக்குச் செங்குத்தான திசையில் மட்டுமே, அடைத்து வைக்கிறது. ஆகவே கதிரின் மின்புலத்துக்கும் அந்தத் திசையில் ஒரு கூறு இருந்தால்தான் இலத்திரன் எழும். உணரியின் முகத்தில் நேர்குத்தாக விழும் கதிரின் மின்புலமோ படலங்களுக்குச் சமாந்தரமாகவே கிடக்கிறது; எனவே நேராகப் பார்க்கும் உணரி எதையும் காண்பதில்லை. ஆரம்ப ஆய்வுகளில் பளிங்கின் விளிம்பை 45 பாகை சரிவாக மினுக்கி அதனூடாகக் கதிரைச் செலுத்தினார்கள். இன்றைய உணரிகளில் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் நுண்ணிய கோணல் நெய்யரி (நெருக்கமான வரிப்பள்ளங்களின் அமைப்பு) ஒன்று செதுக்கப்படுகிறது. பின்புறமாக நுழையும் கதிர் அதில் பட்டுச் சாய்வாகத் திரும்பும்போதுதான் கிணறுகள் அதை உறிஞ்சுகின்றன.

ஓய்வுபெற்ற நூலகர், பதுளை: இந்தத் துறையின் முன்னோடிகளில் இலங்கையர் ஒருவரும் உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்தை முடித்த சரத் குணபாலவையே தாங்கள் குறிப்பிடுகிறீர்கள். அவர் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றியபின் 1992இல் கலிபோர்னியாவிலுள்ள, நாசாவுக்குரிய ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் சேர்ந்து, இவ்வுணரிகளைப் பெரிய பிக்சல் அணிகளாகவும் கையில் ஏந்தத்தக்க கமராக்களாகவும் வளர்த்தெடுத்த குழுவை வழிநடத்தினார்.

முதல் உணரி அவருடையது என்று சிலர் எழுதுவது மிகை. மெல்லிய குறைகடத்திப் படலங்களை மாறி மாறி அடுக்கும் யோசனையை லியோ எசாக்கியும் ரஃபேல் சூவும் 1970இல் முன்வைத்தனர். கிணற்று மட்டங்களுக்கிடையே செங்கீழ்க் கதிர் வலுவாக உறிஞ்சப்படுவதை வெஸ்ற், எக்லாஷ் ஆகிய இருவரும் 1985இல் காட்டினர். அதை உணரியாக்கியது 1987இல் பெல் ஆய்வுகூடத்தில் பரி லெவீனின் குழு. ஆய்வுகூட மேசையிலிருந்த ஒற்றை உணரியை உலகம் பயன்படுத்தும் கருவியாக்கியதே குணபாலவின் குழுவினது சாதனை. என் கணிப்பில் அது முதலாவதாக இருப்பதைவிடக் கடினமான வேலை. 1996இல் கலிபோர்னியாவின் மலிபுப் பகுதியில் காட்டுத் தீ பரவியபோது, தொலைக்காட்சிச் செய்திக் குழுவொன்று அவர்களுடைய கமராவைக் கொண்டு, கண்ணுக்கு அணைந்ததாகத் தெரிந்த இடங்களில் இன்னும் கனன்றுகொண்டிருந்த புள்ளிகளைக் காட்டியது. ஆண்டுதோறும் வறட்சிக் காலத்தில் பத்தனைப் புல்வெளிகள் எரிவதைப் பார்க்கும் ஊவா மக்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

பௌதிகவியல் ஆசிரியர், பண்டாரவளை: இந்த உணரியின் வினைத்திறன் நூற்றுக்குப் பத்தளவே என்றும், அதை ஏறத்தாழ 70 கெல்வினுக்குக் குளிர்விக்க வேண்டும் என்றும் வாசித்தேன். இரசக் கட்மியத் தெலூரைட்டு உணரிகள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தருகின்றன அல்லவா? அப்படியிருக்க இதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கேள்வியின் காரம் நியாயமானதே. முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறை வெப்பநிலையில் வெப்ப அசைவின் சக்தி 0.026 இலத்திரன்வோல்ற்று. 0.14 இலத்திரன்வோல்ற்றுத் தடையைப் போட்டனின் உதவியின்றித் தாண்டத்தக்க இலத்திரன்கள் அந்நிலையில் உத்தேசமாக இருநூறில் ஒன்று என்ற அளவில் இருக்கும். 70 கெல்வினில் அதே கணக்கு ஆயிரம் கோடியில் ஒன்று என்றாகிறது. அவ்வாறு தாமாக வெளியேறும் இலத்திரன்களால் உண்டாகும் இருள் மின்னோட்டம் அடங்கினாற்றான் போட்டன்களால் வரும் மின்னோட்டம் புலப்படும். ஆகவே குளிர்விப்பானின் எடையும் விலையும் மின் செலவும் இவ்வுணரியோடு கூடப் பிறந்தவை; அதிலிருந்து தப்ப வழியில்லை.

ஆனால் படம் எடுப்பவருக்கு ஒரு பிக்சலின் வினைத்திறனைவிட எல்லாப் பிக்சல்களும் ஒன்றுபோல் நடந்துகொள்வதே முக்கியம். இந்த இடத்தில்தான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். 300 கெல்வின் அளவிலுள்ள காட்சியில் எல்லாப் பொருள்களுமே 9 மைக்ரோமீற்றர் அளவில் தாராளமாகக் கதிர்வீசுகின்றன. போட்டன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பாகை வெப்பநிலை கூடினால் அந்தக் கதிர்வீச்சு நூற்றுக்கு 1.7 அளவே கூடுகிறது. அப்படியானால் பாகையில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காண வேண்டுமானால், பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவான மாற்றத்தைப் பிரித்தறிய வேண்டும். அடுத்தடுத்த இரு பிக்சல்கள் தமக்குள் நூற்றுக்கு ஒன்று வேறுபட்டாலே, இல்லாத அரைப்பாகை வித்தியாசம் படத்தில் முளைத்துவிடும். கணினியால் திருத்தலாம் என்பது உண்மையே. ஆனால் திருத்திய பின்னும் பிக்சல்கள் நேரத்தோடு நகர்ந்துகொண்டிருந்தால், அத்திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இரசக் கட்மியத் தெலூரைட்டின் தலைவலி இதுவே. அங்கே சக்தி இடைவெளியைத் தீர்மானிப்பது இரசமும் கட்மியமும் கலந்திருக்கும் விகிதம். நீண்ட அலைநீள உணரிகளில் கட்மியத்தின் பங்கு ஐந்தில் ஒன்றளவு. அது ஆயிரத்தில் இரண்டு பங்கு பிசகினாலே, 12 மைக்ரோமீற்றரில் இருக்க வேண்டிய எல்லை அலைநீளம் மைக்ரோமீற்றரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நகர்ந்துவிடும். அதற்கு மேலாக, அப்பொருள் மென்மையானது, எளிதில் உடைவது, அதை வளர்ப்பதற்கான அடித்தட்டும் விலை கூடியது. கலியம் ஆசனைட்டோ தொலைத்தொடர்புத் துறையில் நன்றாகப் பழகிய பொருள். பெரிய வட்டத்தகடு முழுவதும் படலத் தடிப்பைச் சீராக வைத்திருக்கத் தெரிந்த ஆலைகள் ஏற்கெனவே இருந்தன. 640க்கு 512 பிக்சல் அணியும் பின்னர் 1024க்கு 1024 பிக்சல் அணியும் நியாயமான செலவில் சாத்தியமானமைக்கு இதுவே காரணம்.

எனினும் தங்கள் சந்தேகத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. வேகமாக ஓடும் காட்சியையோ, போட்டன்களே அரிதாக வரும் மங்கலான விண்பொருளையோ பார்க்க வேண்டுமானால் பத்துச் சதவீத வினைத்திறன் உண்மையிலேயே குறைபாடுதான். அங்கே நானும் இரசக் கட்மியத் தெலூரைட்டையே கேட்பேன்.

ஆலய பரிபாலன சபை உறுப்பினர், மஸ்கெலியா: எங்கள் ஆலயத்திலுள்ள கண்காணிப்புக் கமரா இருட்டிலும் படம் எடுக்கிறது. அதுவும் இந்த வகைதானா?

இல்லை. அது தன்னிடமுள்ள சிறு விளக்குகளிலிருந்து 0.85 அல்லது 0.94 மைக்ரோமீற்றர் கதிரை வீசி, அது பட்டுத் திரும்புவதைச் சாதாரண சிலிக்கன் உணரியால் படமெடுக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத டோர்ச் வெளிச்சம் என்று கொள்ளுங்கள். தேயிலை மலைகளில் சிறுத்தையைப் படமெடுக்க மரத்தில் கட்டிவைக்கும் கமராக்களும் பெரும்பாலும் இப்படியே படமெடுக்கின்றன. வெப்பக் கமரா எந்த விளக்கையும் பயன்படுத்துவதில்லை. பொருள் தானாக வீசும் கதிரையே வாங்குகிறது.

மரக்கறிச் செய்கையாளர், நுவரெலியா: தை, மாசி மாதங்களில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் கருகிவிடுகின்றன. செய்மதியிலுள்ள வெப்பக் கமராவைக் கொண்டு எந்தப் பாத்தியில் பனி விழும் என்று முன்னரே அறிய முடியாதா?

இந்தக் கேள்விக்குள்ளேயே அழகான தொடர்பொன்று ஒளிந்திருக்கிறது. வளிமண்டலத்திலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் செங்கீழ்க் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன; ஆனால் 8 மைக்ரோமீற்றருக்கும் 14 மைக்ரோமீற்றருக்கும் இடையில் ஒரு சாளரம் ஏறக்குறையத் திறந்தே கிடக்கிறது. செய்மதி உங்கள் நிலத்தைப் பார்ப்பது அதன் வழியாகத்தான். முகிலற்ற, காற்று அசையாத இரவில் உங்கள் நிலம் தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழப்பதும் அதே சாளரத்தின் வழியாகத்தான். வடகீழ்ப் பருவக்காற்று ஓயும் காலத்தில் வானம் தெளிந்து காற்று உலர்ந்திருப்பதால் சாளரம் மேலும் நன்றாகத் திறக்கிறது. இலையின் மேற்பரப்பு, ஆள் உயரத்திலுள்ள காற்றைவிடச் சில பாகை கீழே போய்விடும். ஆகவே வெப்பமானி 3 பாகை காட்டும்போதே பாத்தியில் பனி உறைந்திருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. குளிர்ந்த காற்றுக் கனமானது என்பதால் அது சரிவின் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுப் பாத்தி தப்ப, ஓடைக்கரைப் பாத்தி கருகுவது இதனால்தான்.

இனிச் செய்மதிக்கு வருவோம். 2013 பெப்ரவரியில் ஏவப்பட்ட லான்ட்சற் 8இலும், 2021 செப்டெம்பரில் ஏவப்பட்ட லான்ட்சற் 9இலும் உள்ள வெப்பக் கமராக்களின் உணரிகள் நாம் பேசிக்கொண்டிருக்கும் குவாண்டம் கிணற்று உணரிகளே. 640க்கு 512 பிக்சல் கொண்ட மூன்று அணிகள் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டு, ஏறத்தாழ 43 கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்டு, 705 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 185 கிலோமீற்றர் அகலமான நிலப்பரப்பைப் படமாக்குகின்றன. படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். 11 மைக்ரோமீற்றருக்கு அருகில் ஒன்றும் 12க்கு அருகில் ஒன்றுமாக இரண்டு பட்டைகளில் அளப்பதால், இடையிலுள்ள நீராவியின் தாக்கத்தை ஒப்பிட்டுக் கழிக்கவும் முடிகிறது.

இவ்வளவு இருந்தும் உங்கள் பாத்திக்கு அது உதவாது என்பதே என் நேர்மையான விடை. ஒரு வெப்பப் பிக்சல் நிலத்தில் 100 மீற்றருக்கு 100 மீற்றர், அதாவது ஒரு ஹெக்டெயர். மேட்டுப் பாத்தியும் ஓடைக்கரையும் அந்த ஒரே பிக்சலுக்குள் கலந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் கோப்பு 30 மீற்றர் என்று காட்டுவது மற்றப் பட்டைகளோடு பொருந்துவதற்காகக் கணினியில் நுணுக்கிய அளவேயன்றிக் கமரா கண்ட அளவல்ல. ஒவ்வொரு செய்மதியும் ஒரே இடத்துக்கு 16 நாட்களுக்கு ஒருமுறை, இரண்டையும் சேர்த்தால் 8 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. பகலில் வருவதும் காலை பத்து மணியளவில்தான், அந்நேரம் உறைபனி உருகி ஆவியாகியிருக்கும். முகில் இருந்தால் அதன் மேற்பரப்பு மட்டுமே பதிவாகும். காட்டின் குளிர்ச்சி, வறண்ட சரிவுகளின் சூடு, நீர்த்தேக்கங்களின் மேற்பரப்பு வெப்பநிலை போன்ற பெரிய, மெதுவான மாற்றங்களுக்கு அது சிறந்த கருவி. உங்களுக்கோ, ஓடைக்கரைப் பாத்தியில் பயிரின் உயரத்தில் மூடாமல் வைத்த ஒரு வெப்பமானியும், மாலையில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் உங்கள் தகப்பனார் காலத்துப் பழக்கமுமே கூடுதலாக உதவும்.

லயத்துக் குடியிருப்பாளர், கொஸ்லந்தை: மண்சரிவை இதனால் முன்கூட்டியே காண முடியுமா?

முடியும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். வெப்பக் கமரா மேற்பரப்பின் மெல்லிய தோலை மட்டுமே பார்க்கிறது; மண்ணுக்குள் நீர் ஏறுவதை அது காணாது. நீர் கசியும் இடம் சில வேளைகளில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து தெரியலாம், அவ்வளவே. மழைமானியின் அளவும், சுவரிலும் நிலத்திலும் தோன்றும் புதிய வெடிப்புகளும், அதிகாரிகளின் எச்சரிக்கையும்தான் உங்களுக்கான அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை உங்கள் பக்கத்தவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், தலவாக்கலை: லயங்களின் கூரைச் சூட்டை அறிய, ட்ரோனில் பொருத்திய வெப்பக் கமராவால் நண்பகலில் படம் எடுத்தோம். புதிதாகப் போட்ட தகரம் புல்லைவிடக் குளிர்ந்ததாகவும், பக்கத்திலிருந்த துருப்பிடித்த தகரம் கொதிப்பதாகவும் படம் காட்டியது. ஏணி வைத்து ஏறித் தொட்டால் புதிய தகரத்திலும் கை வைக்க முடியவில்லை. கமரா பழுதா?

கமரா பழுதில்லை. அது குவாண்டம் கிணற்றுக் கமராவும் அல்ல. ட்ரோன்களில் வருபவை பெரும்பாலும் குளிர்விப்பு வேண்டாத நுண் போலோமீற்றர்கள். கதிர் பட்டுச் சூடேறும் மிகச் சிறிய வனேடியம் ஒட்சைட்டு அல்லது சிலிக்கன் தகடுகளின் மின்தடை மாறுவதை அவை அளக்கின்றன. கொரோனாக் காலத்தில் விமான நிலையங்களில் காய்ச்சல் பார்த்தவையும் பெரும்பாலும் இவ்வினமே.

உங்கள் சிக்கல் எல்லா வெப்பக் கமராக்களுக்கும் பொதுவானது. அவை வெப்பநிலையை அளப்பதில்லை. வந்து சேரும் கதிரின் அளவை வெப்பநிலையாக மொழிபெயர்க்கின்றன. புல், மண், தோல், துரு ஆகியவை தம் வெப்பநிலைக்குரிய கதிரில் பத்தில் ஒன்பது பங்கை அல்லது அதற்கு அண்மித்த அளவை வீசுபவை. பளபளப்பான நாகமுலாமிட்ட தகரமோ அதில் நாலிலொரு பங்களவையே வீசி, மிகுதியை மேலிருந்து விழுவதைத் தெறிக்கவிட்டு ஈடுசெய்கிறது. மேலிருப்பது தெளிந்த வானம். கமராவின் பட்டையில் அது உறைநிலைக்கு மிகக் கீழான வெப்பநிலையுள்ள பொருளைப் போலத் தெரியும். ஆகவே நீங்கள் எடுத்தது, தகரத்தில் தெரிந்த வானத்தின் படம். 70 கெல்வினில் இயங்கும் விலை கூடிய கமராவைக் கொண்டு எடுத்திருந்தாலும் இதே பிழை, இன்னும் துல்லியமாக, வந்திருக்கும்.

மின்வேலைக்காரர் பயன்படுத்தும் கறுப்பு இன்சுலேஷன் ரேப்பைப் புதிய தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாக ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்திவிட்டு, கால் மணித்தியாலம் கழித்து ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டு அந்தப் பகுதியை மட்டும் பாருங்கள். ரேப் தகரத்தின் சூட்டையே எடுத்துக்கொள்ளும். அதன் கதிர்வீசும் திறன் 0.95 அளவில் இருப்பதால், கமராவின் அமைப்பிலும் அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். அதற்கு முன், ஒட்டிய பகுதி படத்தில் குறைந்தது ஐந்தாறு பிக்சல் அகலமாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரேப்பின் அளவோடு பக்கத்துத் தகரத்தின் அளவும் கலந்துவிடும்.